லண்டன் பொண்ணு... சிட்னி பாட்டி!

படிச்சு முடிச்சதும் எந்த ஊருக்குப் போறது, என்ன வேலை பார்க்கிறதுன்னு ஹாஸ்டல் ரூமில் விடிய விடியப் பேசுற ஆளா நீங்க? அப்ப இந்த வாரம் நான் சொல்லப்போற குயீனி ஆஷ்டன் கதை உங்களுக்குத்தான்.

1903-ல் லண்டனில் பிறந்தவங்க. தெரிஞ்ச தொழில், மேடையில் பாட்டும் டான்ஸும். 1920-களின் கடைசியில் ஆஸ்திரேலியாவுக்குக் குடிபோனாங்க. ஃப்ளைட்டில் ஒரு தூக்கம் போட்டு எழுந்தா சிட்னிங்கிற காலம் இல்லை அது. கப்பலில் வாரக்கணக்கில் பயணம்! இன்னொரு விஷயம்... அவங்களுக்குப் பெரும்புகழ் தரப்போற ஏ.பி.சி. வானொலி அப்போ பிறக்கவே இல்லை. அது ஆரம்பமானதே 1932-ல்தான். அதாவது, இன்னும் உருவாகாத ஒரு வேலை அவங்களுக்காக அங்கே காத்துக்கிட்டு இருந்தது!

அப்புறம் ரேடியோ நாடகங்களுக்கு செம கிராக்கி வந்தது. ஒரே நாளில் இந்த ஸ்டூடியோ, அந்த ஸ்டூடியோன்னு சிட்னி நடிகர்கள் ஓடின காலம் அது. முகத்துக்கு மேக்கப் கிடையாது, கண்ணீருக்குக் கிளிசரின் கிடையாது. கையில் வசனத் தாள், எதிரே மைக். தாளைப் புரட்டுற சத்தம்கூடக் கேட்கக் கூடாது. வயசு, கோபம், பாசம், முழங்கால் வலி... எல்லாத்தையும் குரலிலேயே காட்டணும்!

1949 பிப்ரவரி 28-ல் 'ப்ளூ ஹில்ஸ்' தொடர் ஆரம்பிச்சது. எழுதினவங்க க்வென் மெரிடித். இதுக்கு முன்னாடி 1944-ல் அவங்க தொடங்கின 'தி லாஸன்ஸ்' தொடரோட நோக்கமே தனி. போர்க்காலத்தில் விவசாயத் தகவல்களைக் கதையில் கலந்து விவசாயிகள் காதில் போடுறது! அதே கிராமத்து வாசனையோட வந்ததுதான் 'ப்ளூ ஹில்ஸ்'. மதியச் சாப்பாட்டு நேரத்தில் 15 நிமிஷம். பக்கத்து வீட்டுக்குப் போகவே பல மைல் போகணும்கிற பண்ணை வீடுகளில், அந்த 15 நிமிஷம்தான் நாலு பேரோட உட்கார்ந்து பேசின மாதிரி.

அந்தத் தொடரில் குயீனிக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது 'கிரானி பிஷப்'ங்கிற பாட்டி கேரக்டர். தொடர் ஆரம்பிச்சப்ப அவங்களுக்கு வயசு 45. தன்னைவிட ரொம்ப மூத்த பாட்டியைக் குரலாலேயே உருவாக்கினாங்க. 1956-ல் டி.வி. வந்தது. ரேடியோ நாடகங்கள் ஒவ்வொண்ணா மூட்டை கட்டின. 'ப்ளூ ஹில்ஸ்' மட்டும் அசையலை. 1976 செப்டம்பர் 30-ல் முடிஞ்சப்ப மொத்தம் 5,795 பகுதிகள்! நிறுத்தாம கேட்டா 60 நாள் ஆகும். அப்போ குயீனிக்கு எழுபதைத் தாண்டின வயசு. வேஷம் போட்ட வயசு நிஜமாவே வந்து சேர்ந்திருந்தது.

அதோட ஓய்ஞ்சாங்களா? அதுதான் இல்லை. எழுபது வயசில் டி.வி. தொடர்களிலும் ஒரு கை பார்த்தவங்க அவங்க. 1999-ல், தொண்ணூறைத் தாண்டின வயசில் ஆஸ்திரேலியாவிலேயே காலமானாங்க.

இப்ப யோசிச்சுப் பாருங்க. தலைமுறை தலைமுறையா அந்த மண்ணில் வாழ்ந்த குடும்பங்கள் எத்தனையோ இருக்க, அவங்க தங்கள் வீட்டுப் பாட்டியா ஏத்துக்கிட்ட குரல், கப்பலேறி வந்த ஒரு லண்டன் பொண்ணோடது! ஒரு ஊர் நம்மளை ஒரே நாளில் சேர்த்துக்காது. தினமும் 15 நிமிஷம், சலிக்காம, சரியா வந்து நின்னாத்தான் சேர்த்துக்கும்.

உங்க ஊர்ப் பேச்சைக் கேட்டு கிளாஸில் யாராவது சிரிச்சா வாயை மூடிக்காதீங்க. நாளைக்கு எந்த ஊரில் எந்த வேலை காத்திருக்குன்னு யாருக்குத் தெரியும்? பாட்டும் டான்ஸும் கத்துக்கிட்டுப் போனவங்களுக்குச் சோறு போட்டது குரல்தான். பேசுங்க பாஸ்!

அடுத்த வாரம் பார்ப்போம்!