கண்ணு தெரியாதவங்களுக்கு எதுக்கு கேமரா?

பார்வையற்றவங்களுக்கு போட்டோகிராபி ஒர்க்‌ஷாப் நடக்கறதைப் பத்திப் போன வாரம் எழுதினேன். கீழ வந்த கமெண்ட்ல பாதி, "அந்தக் காசுக்குச் சோறு போடலாமே டாக்டர்". மீதி, "கடவுளின் அதிசயம்", கூடவே கும்பிடு போடற ஸ்மைலி. ரெண்டுமே தப்பு. நான் கண் டாக்டர் இல்ல, வெறும் எம்.பி.பி.எஸ்.தான். இதைச் சொல்ல அது போதும்.

பார்வையின்மைன்னா முழு இருட்டுன்னு யார் சொன்னது? 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி, கண்ணாடி போட்ட பிறகும் நல்லா இருக்கற கண்ணுல பார்வை 3/60-க்குக் கீழ இருந்தா பார்வையின்மை. பார்வைப் பரப்பு 10 டிகிரிக்குக் கீழ சுருங்கினாலும் பார்வையின்மை.

சுருங்கறதுன்னா எப்படி? ஒரு பேப்பரைக் குழாயா சுருட்டி ஒரு கண்ணுல வச்சுக்கோங்க, இன்னொரு கண்ணை மூடுங்க. எதிர்ல காலண்டர்ல தேதி தெரியும். காலடியில இருக்கற பக்கெட் தெரியாது. ரெட்டினைடிஸ் பிக்மென்டோசா முற்றினா வாழ்க்கையே இந்தக் குழாய்க்குள்ளதான். இவர் போனைத் தூக்கி ஒரு படம் எடுத்தா, மொத்தத் தெருவும் சின்னதாகி அந்தக் குழாய்க்குள்ள அடங்கிடும். பார்வை மங்கலானவர் எடுத்த படத்தை விரலால பெருசாக்கிப் பார்த்துக்குவார். நாம ஸ்டேட்டஸ் வைக்க எடுக்கறோம். அவங்க பார்க்கறதுக்கே எடுக்கறாங்க.

பிரேசில் நாட்டு ஜோவாவ் மாயாவுக்கு 28 வயசுல பார்வை போச்சு. நிறமும் உருவமும் மங்கலாத்தான் தெரியும். 2016 ரியோ பாராலிம்பிக்ஸைப் படம் எடுத்தவர் அவர்.

"சரி, சுத்தமா தெரியாதவங்க?" மும்பையில பார்த்தோ பௌமிக் 2006-லிருந்து அவங்களுக்கும் சொல்லித் தர்றார். வெயில் எந்தக் கன்னத்துல சுடுதோ, வெளிச்சம் அந்தப் பக்கம். ஆள் எங்கன்னு குரல் சொல்லும். ஐபோன்ல வாய்ஸ்ஓவர் போட்டா, ஃபிரேம்ல எத்தனை முகம் இருக்குன்னு போனே சொல்லிடும்.

என் கோபம் வேற. ஒரு சான்றிதழ் முகாம். வரிசையில நின்ன தம்பி ஒருத்தர் பக்கத்துல இருந்த அம்மாவை போன்ல படம் எடுத்தார். "போட்டோ எடுக்கறான் பாருங்க சார், நடிக்கறான்"னு ஒரு குரல். ஃபீல்டு டெஸ்ட்டே பண்ணாம திருப்பி அனுப்பிட்டாங்க. அதே மேஜையில நானும் உட்கார்ந்திருந்தேன். வாயைத் திறக்கல.

அடுத்த மாசம் டெஸ்ட் பண்ணினாங்க. ரெண்டு கண்ணுலயும் 10 டிகிரி கூட இல்ல. அதுக்காக அந்த அம்மாவுக்கு இன்னொரு நாள் கூலி போச்சு.