குருதி அறிக்கை தீர்ப்பு அல்ல

புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறுவோரின் குடும்பங்களில் ஒரு வழக்கம் பரவி வருகிறது. வைத்தியரைக் காண முன்னரே ஆய்வுகூட அறிக்கையைப் பிரித்துப் பார்க்கிறார்கள். ஓர் எண் எல்லையைத் தாண்டியிருந்தால் போதும், வீடு மரணவீடு போலாகிவிடுகிறது. "எல்.டி.எச். கூடிவிட்டதாம்" என்று கனடாவிலுள்ள மகனுக்குத் தொலைபேசியில் செய்தி போகிறது.

எல்.டி.எச். என்பது உடற்கலங்கள் அனைத்திலும் உள்ள ஒரு நொதியம். கலங்கள் சிதையும்போது அது குருதியில் கலக்கிறது. நிணநீர்ப் புற்றுநோயிலும் விதைப் புற்றுநோயிலும் நோயின் சுமையை மதிப்பிட அது உதவுகிறது. ஆனால் குருதி எடுக்கும்போது செங்குழியங்கள் உடைந்தாலும் அதன் அளவு கூடும். அல்கலைன் பொஸ்படேஸும் அப்படித்தான். நோய் எலும்புக்கோ ஈரலுக்கோ பரவினால் உயரலாம். வளரும் பிள்ளைகளிலும், கர்ப்பிணிகளிலும், முறிந்த எலும்பு பொருந்தும் காலத்திலும் உயரும்.

இச்சோதனைகள் பயனற்றவை என்பதல்ல என் வாதம். 1941இல் சிக்காகோவில் சார்ள்ஸ் ஹகின்ஸ், பரவிய புரொஸ்டேட் புற்றுநோய் கொண்டவர்களின் குருதியில் அசிட் பொஸ்படேஸ் என்ற நொதியத்தை அளந்தார். ஆண் ஹோர்மோனைக் குறைத்ததும் அந்த அளவு இறங்கியது. புதிய சிகிச்சைக்கு வழி பிறந்தது. 1966இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. நோய் உறுதியானவர்களில், சிகிச்சைக்கு முன்னும் பின்னும் அளந்து ஒப்பிட்டதாலேயே அந்த எண்கள் பேசின.

பின்னர் வந்த பி.எஸ்.ஏ.யும் ஒரு நொதியமே. நோயாளரைக் கண்காணிக்கவென 1986இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற அச்சோதனை, நோயற்றவர்களிடமும் பரவியது. வயதினால் சுரப்பி பருத்தவர்களும் ஊசிச் சோதனைக்கு ஆளானார்கள். உயிருக்கு ஊறு செய்யாத கட்டிகளுக்கும் சத்திரசிகிச்சை நடந்தது. 2012இல் அந்நாட்டின் தடுப்புமருத்துவ நிபுணர் குழு அதனைப் பொதுச் சோதனையாகச் செய்ய வேண்டாம் என்றது. 2018இல், 55 முதல் 69 வயதுடையோர் வைத்தியரோடு பேசித் தாமே தீர்மானிக்கலாம் என்று தளர்த்தியது.

அந்தப் 'பேசுதல்'தான் எங்கள் நாட்டில் அருகிவிட்டது. அறிக்கை ஆங்கிலத்தில், அச்சம் தமிழில். நோயாளர் கேட்க வேண்டியவை மூன்று: முந்திய அளவு என்ன? இது கூடுவதற்கு வேறு காரணம் உண்டா? இதனால் சிகிச்சை மாறுமா? அவற்றுக்கு அவரது மொழியில் விடை சொல்வது வைத்தியரின் கருணையல்ல, கடமை. உயர்ந்த எண்ணை அலட்சியம் செய்யவும் கூடாது. அதனை வாசிக்கத் தெரிந்தவர் விளக்குமுன் அழவும் வேண்டாம்.