பையில் வராத கூர்மை

2023 செப்டம்பரில் தொடங்கிய பிரதமர் விஸ்வகர்மா திட்டத்தில் தச்சர், சிற்பி, பொம்மை செய்பவர் உள்பட 18 வகைத் தொழிலாளர்களுக்குக் கருவி வாங்க ரூ. 15,000 வரை உதவி அறிவிக்கப்பட்டது. நல்ல காரியம்தான். ஆனால் மரம் செதுக்குபவரிடம் புது உளியைக் கொடுப்பதும் கூரான உளியைக் கொடுப்பதும் ஒன்றல்ல. கடை உளி பெரும்பாலும் சாணை பிடித்து வருகிறதே தவிர, தீட்டி வருவதில்லை. அதை எந்தக் கோணத்தில் தீட்டுவது? புதிதாகத் தொழிலுக்கு வருகிறவர் முதலில் தடுமாறுவது இங்கேதான்.

யாரைக் கேட்டாலும் 25 டிகிரி என்பார்கள். தொடங்குவதற்கு அது நல்ல எண். ஆனால் வேதவாக்கு அல்ல. உளியின் வாயை நோக்கிச் சாய்வாகத் தேய்த்த சரிவு எவ்வளவு படுத்திருக்கிறதோ, அவ்வளவு சுலபமாக உளி மரத்தில் இறங்கும். ஆனால் வாய்க்குப் பின்னால் தாங்கிக்கொள்ள இரும்பு குறைவு. கொஞ்சம் முரட்டுத்தனமாகக் கையாண்டாலே மடங்கும், அல்லது பொரிந்து விழும். சரிவை நிமிர்த்தினால் வாய் தாங்கும், கை வலிக்கும். கூர்மைக்கும் பலத்துக்கும் நடக்கும் இந்தப் பேரத்தை முடித்துவைப்பது மரம்.

ஆந்திரத்தின் கொண்டபல்லியில் பொம்மை செய்யும் பொனிகி மரம் மிக மிருதுவானது. கையால் தள்ளிச் செதுக்கும் உளிக்கு அங்கே 20 டிகிரி போதும். அதே உளியை எடுத்துப்போய் உத்தரப் பிரதேசத்தின் சஹாரன்பூரில் ஷீஷம் பலகை மீது வைத்துக் கொட்டாப்புளியால் நாலு அடி அடித்தால் வாய் பல் பல்லாகிவிடும். அங்கே 30 டிகிரி வரை போக வேண்டியிருக்கும். மிருதுவான மரத்துக்கு மொண்ணை உளியே போதும் என்று பலர் நினைக்கிறார்கள். நடப்பது நேர் எதிர். மிருதுவான நார், தடித்த வாய்க்கு முன்னால் வெட்டுப்படாமல் நசுங்கிப் பிய்ந்துபோகும். கடினமான மரமாவது எதிர்த்து நின்று வெட்டுப்படும்.

கோணத்தை அளக்கக் கோணமானி வேண்டாம், ஒரு ஸ்கேல் போதும். ஒரு பக்கம் மட்டும் சரிவுள்ள உளியில், சரிவின் நீளம் இரும்பின் தடிமனைப் போல இரண்டு மடங்கு இருந்தால் கோணம் 30 டிகிரி. ஏறக்குறைய இரண்டரை மடங்கு என்றால் 24க்குச் சற்றுக் குறைவு. மூன்று மடங்கு என்றால் 20க்குச் சற்றுக் குறைவு. 4 மில்லிமீட்டர் தடிமனுள்ள உளியில் 8 மில்லிமீட்டர் சரிவு கண்டால் அது 30 என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். செதுக்கும் உளிகளில் சிலவற்றுக்கு இரு பக்கமும் சரிவு இருக்கும். அப்போது இரண்டையும் கூட்டியதுதான் கணக்கு. பக்கத்துக்கு 25 என்று தீட்டிவிட்டு 50 டிகிரி கோடரியோடு போராடுகிறவர்கள் உண்டு.

இன்னொன்றும் உண்டு. சரிவு மரத்தின் மீது படுத்திருக்கும்வரை உளி வெட்டாமல் சறுக்கும். பிடியை அந்தக் கோணத்துக்கு மேல் தூக்கினால்தான் வாய் மரத்தைக் கவ்வும். எனவே கோணம் மாறினால் கை நிற்கும் உயரமும் மாறுகிறது. ஒரே உளியில் இன்று 22, நாளை 28 என்று தீட்டினால் கைப்பழக்கம் ஒருபோதும் படியாது. ஒன்றிரண்டு டிகிரி தவறானால் குடி முழுகாது. மாறிக்கொண்டே இருப்பதுதான் கேடு.

அந்தக் கேடு கல்லின் மீதுதான் நிகழ்கிறது. எண்ணெய்க்கல்லில் உளியை முன்னும் பின்னும் இழுக்கும்போது கை தன்னை அறியாமல் தூக்கி இறங்கும். தட்டையாக இருக்க வேண்டிய சரிவு உருண்டைத் தொந்தியாகிவிடும். பார்க்கப் பளபளக்கும், வாய்க்கு அருகே கோணம் 40ஐத் தாண்டியிருக்கும். இதைப் பிடிக்க ஒரு மார்க்கர் பேனா போதும். சரிவு முழுக்க மையைப் பூசி, இரண்டு இழுப்பு இழுத்துப் பாருங்கள். மை அடிப்பக்கத்தில் மட்டும் போனால் பிடி தாழ்ந்திருக்கிறது; வாயோரம் மட்டும் போனால் உயர்ந்திருக்கிறது. முழுவதும் ஒரே சீராகப் போகும் இடம்தான் உங்கள் கோணம். வளைந்த வாயுள்ள உளியானால் இழுக்கும்போதே மணிக்கட்டை ஓரத்திலிருந்து ஓரம்வரை உருட்ட வேண்டும். மூலையில் கொஞ்சம் தாமதித்தாலும் மூலை தேய்ந்து, வாய் நகம் கடித்த விரல் மாதிரி ஆகிவிடும்.

மறுபக்கம் விரலை வைத்தால் மெல்லிய பிசிறு தட்டுப்பட வேண்டும். அது வாயின் முழு அகலத்துக்கும் வந்த பிறகுதான் நிறுத்தலாம். பிறகு அந்தப் பிசிறை எடுக்க வேண்டும். குழிந்த உள்பக்கத்துக்கு, உருளைக் குச்சியில் சுற்றிய நைஸ் உப்புத்தாளே போதும். கடைசியாகத் தோல் வார். முடிதிருத்தகங்களில் சவரக் கத்தி தீட்டத் தொங்கிய வாரைப் பார்த்த தலைமுறைக்கு இது புரியும். உளியைப் பின்னோக்கி மட்டும் இழுக்க வேண்டும். முன்னோக்கித் தள்ளினால் தோல் கிழியும். அழுத்தி இழுத்தாலோ தோல் அமுங்கி எழும்பி, பாடுபட்டு வாங்கிய கோணத்தை உருட்டிவிடும்.

மின்சாரச் சாணையைப் பற்றி ஒரு எச்சரிக்கை. அவசரத்தில் உளியை அழுத்திப் பிடித்தால் வாயோரம் நீலம் பாரிக்கும். வெப்பம் ஏறக்குறைய 300 டிகிரி செல்சியஸைத் தொட்டு, எஃகின் பதம் போய்விட்டது என்று அர்த்தம். அதன்பின் எந்தக் கோணத்தில் தீட்டினாலும் அந்த வாய் நிற்காது. நீலம் பாய்ந்த பகுதியைத் தேய்த்தே எடுத்துவிட வேண்டும். நாலு நொடிக்கு ஒருமுறை தண்ணீரில் முக்கச் சோம்பல்பட்டதற்கு, அரை அங்குல உளி அபராதம்.

விஸ்வகர்மா திட்டத்தில் அடிப்படைப் பயிற்சிக்கு 5 முதல் 7 நாள் வகுக்கப்பட்டது. மரம் செதுக்க வருகிறவருக்கு அதில் ஒரு முழு நாளைக் கல்லுக்கு முன்னால் செலவிடக் கொடுப்பது வீண் அல்ல. மொண்ணை உளியைத்தான் பலம் கொண்டமட்டும் தள்ள வேண்டியிருக்கிறது. அதுதான் வழுக்கி இடது கையில் பாய்கிறது. அன்று மாலை ஆளுக்கொரு பைன் மரத்துண்டைக் கொடுத்து, நாருக்குக் குறுக்காக ஒரு கோடு செதுக்கச் சொல்லலாம். கோடு கண்ணாடி போல மின்னினால் வீட்டுக்குப் போகலாம். நடுவில் வெள்ளைக் கீறல் தெரிந்தால் வாயில் எங்கோ ஒரு பொரிவு இருக்கிறது, திரும்பவும் கல்லுக்கு.