பெயருக்கு உரியவர் யார்?



கட்கியில் வாழும் நம் சங்கத்துச் சகோதரி ஒருவர் சென்ற திங்கள் இப்பகுதிக்கு ஒரு வினா விடுத்துள்ளார். தம் அன்னையாரின் பெயரை இட்டு, ஐந்தாண்டுகளாக இல்லத்திலிருந்தபடியே ஊறுகாயும் பொடி வகைகளும் செய்து விற்று வருகிறார் அவர். இன்ஸ்டாகிராமில் அப்பெயரிலேயே ஒரு கணக்குத் தொடங்க முற்பட்டபோது, வேறொருவர் அதனை முன்னமே எடுத்துக்கொண்டது தெரியவந்தது. அக்கணக்கில் இருப்பவை மூன்றே படங்கள். அவையும் மிகப் பழையவை. இதற்கிடையில், 25,000 ரூபாய் கொடுத்தால் அப்பெயரை வாங்கித் தருவதாக முன்பின் அறியாத ஒருவர் செய்தி அனுப்பியிருக்கிறார். கொடுக்கலாமா என்பதே வினா. கொடுக்கலாகாது என்பதை முதற்கண் கூறிவிடுகிறேன். காரணங்களைப் பின்னர்க் காண்போம்.

பயனர் பெயர் என்பது யாது? எங்கள் இரயில்வேயில் ஒவ்வொரு நிலையத்திற்கும் ஒரு குறியெழுத்து உண்டு. ஊர்ப்பெயர்கள் ஒன்றுபோல் இருக்கலாம். குறியெழுத்து இரு நிலையங்களுக்கு ஒன்றாக இருத்தல் இயலாது. சென்னை சென்ட்ரல் நிலையத்திற்கு 2019ஆம் ஆண்டு எம்.ஜி.ஆர். பெயர் சூட்டப்பட்ட பின்னரும், மதராஸ் என்ற பழம்பெயரை நினைவூட்டும் எம்.ஏ.எஸ். என்ற குறி மாறவில்லை. சமூக ஊடகப் பயனர் பெயரும் அத்தகையதே. ஒரு தளத்தில் ஒரு பெயர் ஒருவருக்கே. ஆனால் நிலையக் குறியை நிர்வாகம் ஆராய்ந்து வழங்குகிறது. பயனர் பெயரோ முன்பதிவில்லாப் பெட்டியில் துண்டு போட்டு இடம்பிடிப்பது போல, முந்தி வந்தவருக்குக் கிட்டிவிடுகிறது. பந்திக்கு முந்து என்ற பழமொழி இங்கு முற்றும் பொருந்தும்.

தமிழராகிய நமக்கு இத்தொல்லை சற்று மிகுதி எனலாம். நம் மராட்டிய அண்டை வீட்டார்க்குத் தம் பெயர், தந்தை பெயர், குடும்பப் பெயர் என மூன்று உண்டு. நமக்கோ ஒரு தலைப்பெழுத்தும் ஒரு பெயருமே. உலகெங்கும் உள்ள முருகன்களும் இலட்சுமிகளும் ஒரே பெயரை நாடினால், ஒருவர் தவிர ஏனையோர் வெறுங்கையுடன் திரும்ப வேண்டியதுதானே!

இனி, முந்தி எடுத்தவர் அப்பெயருக்கு உடைமையாளர் ஆகிவிடுவாரோ? அதுவும் இல்லை. பயனர் பெயரை வழங்குவதும் திரும்பப் பெறுவதும் தளத்தை நடத்தும் நிறுவனமே. 2023ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் டுவிட்டர் நிறுவனம் தன் பெயரை எக்ஸ் என மாற்றிக்கொண்டது. அந்த ஓரெழுத்துப் பயனர் பெயரை 2007 முதல் சான் பிரான்சிஸ்கோ நகரத்துப் புகைப்படக் கலைஞர் ஒருவர் வைத்திருந்தார். நிறுவனம் அதனை விலையேதும் கொடாமல் எடுத்துக்கொண்டு, அவருக்கு வேறு பெயர் அளித்தது. சில நினைவுப் பொருள்களும் தன் அலுவலகத்தைச் சுற்றிப் பார்க்கும் வாய்ப்பும் தருவதாகக் கூறியதே அவர் கண்ட ஈடு! பதினாறு ஆண்டுப் பழக்கம் உடைமை ஆகாது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

நம் நாட்டிலும் உயர்ந்த இடத்தில் ஒரு வழக்காடல் எழுந்தது. 2014ஆம் ஆண்டு மே 20ஆம் நாள், பதவி விலகும் மன்மோகன் சிங் அவர்களின் அலுவலகத்தார், பி.எம்.ஓ. இந்தியா என்ற டுவிட்டர் கணக்கின் பெயரோடு ஆவணக் காப்பகம் என்று பொருள்படும் சொல்லைச் சேர்த்து மாற்றிவிட்டனர். பழைய பதிவுகளைக் காப்பதற்காக என்றனர் அவர்கள். பதவிக்குரிய சொத்தைப் புதியவரிடம் ஒப்படைப்பதே முறை என்றனர் வரவிருந்த ஆட்சியினர். இறுதியில் அப்பெயர் புதிய பிரதமரின் அலுவலகத்தையே சேர்ந்தது. இதிலிருந்து நாம் அறிவது ஒன்றுண்டு. பயனர் பெயர் வேறு, கணக்கு வேறு. பெயர் என்பது வண்டியில் மாட்டிய பலகை. பதிவுகளும் பின்தொடர்வோரும் வண்டியில் அமர்ந்த பயணிகள். பலகையைக் கழற்றி வேறு வண்டியில் மாட்டினால் பயணிகள் தாமே இடம் மாறிவிடுவதில்லை. எனவே பெயர் கிட்டிற்று எனினும் பெயரோடு புகழும் கிட்டிவிடும் என எண்ணலாகாது.

பிறரிடம் உள்ள பெயரைக் கோருவதற்கு வாயில்கள் மூன்று.

முதலாவது, வணிகச் சின்னம். நம் பெயர் 1999ஆம் ஆண்டு வணிகச் சின்னச் சட்டப்படி பதிவாகியிருந்து, மற்றவர் அதே பெயரால் அதே வகைப் பண்டத்தை விற்று மக்களை மயங்கச் செய்வாராயின், தளத்தின் முறையீட்டுப் படிவம் வழியே கோரலாம். பெயர் ஒத்திருப்பது மட்டும் குற்றமன்று. வாங்குவோர் ஏமாறும் நிலை இருத்தல் வேண்டும். சென்னையின் சத்யம் இன்ஃபோவே நிறுவனம் தன் பெயரெழுத்துக்களைக் கோத்து சிஃபி என்ற சொல்லைப் படைத்திருந்தது. வேறொரு நிறுவனம் ஓரெழுத்தை இரட்டித்து அதே ஒலியில் இணையதள முகவரி வைத்துக்கொண்டது. பெங்களூரு உரிமையியல் நீதிமன்றம் தடை விதித்தது. கர்நாடக உயர் நீதிமன்றம் அத்தடையை நீக்கியது. 2004ஆம் ஆண்டு மே 6ஆம் நாள் உச்ச நீதிமன்றம் மீண்டும் அதனை நிலைநாட்டியது. இணைய முகவரியும் வணிகப் பெயரைப் போன்றே பாதுகாக்கத்தக்கது என்பது அத்தீர்ப்பின் சாரம். தனி மனிதர் பெயருக்கும் இக்காப்பு உண்டு. அருண் ஜெட்லி அவர்களின் பெயரில் பிறர் வைத்திருந்த இணைய முகவரி அவருக்கே உரியது என 2011இல் தில்லி உயர் நீதிமன்றம் கூறிற்று. ஆயினும் அவர் நாடறிந்தவர். நம் போன்றோர் அத்துணை எளிதில் அவ்வாறு கோர இயலாது.

இரண்டாவது, ஆள்மாறாட்டம். நம் படத்தையும் பெயரையும் வைத்துக்கொண்டு நாமே பேசுவது போல் ஒருவர் நடித்தால், 2021ஆம் ஆண்டு தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி அந்தத் தளத்தின் குறைதீர்ப்பு அலுவலரிடம் முறையிடலாம். பணம் பறித்திருந்தால் 1930 என்ற எண்ணில் உடனே தெரிவித்தல் வேண்டும். கணினி வழி ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றுவோர்க்கு, தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66டி பிரிவின்படி மூன்றாண்டு வரை சிறையும், ஓர் இலட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு.

மூன்றாவது, பயன்படுத்தாமை. இவ்வாயில் திறந்திருப்பது போல் தோன்றுமேயன்றி நமக்கு எளிதில் வழிவிடாது. ஒன்றும் எழுதாதவர், பிறர் எழுதுவதை நாள்தோறும் படிப்பவராக இருக்கலாம். 2019ஆம் ஆண்டு பிரித்தானிய இளவரசர் ஹாரி இணையருக்கு, வேறொருவர் வைத்திருந்த பெயரை இன்ஸ்டாகிராம் மாற்றி அளித்தது. அரண்மனைக்குக் கிட்டிய சலுகை அடுக்களைத் தொழிலுக்கும் கிட்டும் என நம்பிக் காத்திருத்தல் வீண்.

இனி அந்த 25,000 ரூபாய். பயனர் பெயரை விலைக்கு விற்பதை இன்ஸ்டாகிராம் விதிகள் தடுக்கின்றன. பணத்தைக் கொடுத்துப் பெயர் வாராதொழியின் யாரிடம் முறையிடுவது? வந்தாலும், நாளை நிறுவனம் பறித்துக்கொண்டால் என் செய்வது? இத்தரகரிற் பலர் பிறர் கணக்கைத் திருடியே பெயரை விற்பவர்கள். அமெரிக்காவில் 2020ஆம் ஆண்டு நிகழ்ந்தது நெஞ்சை உலுக்குவது. டென்னசி என்ற மாநிலப் பெயரையே பயனர் பெயராக வைத்திருந்த அறுபது வயதினர் ஒருவர் அதனைக் கொடுக்க மறுத்தார். அவர் வீட்டில் கொலை நடந்ததாகப் பொய்ச் செய்தி கொடுத்துக் காவலரை ஏவினர் கயவர். ஆயுதம் ஏந்திய காவலர் வீட்டைச் சூழ, அவர் மாரடைப்பால் உயிர் நீத்தார். அக்கூட்டத்தைச் சேர்ந்த இளைஞன் ஒருவனுக்கு 2021இல் ஐந்தாண்டுச் சிறை கிட்டியது. ஒரு சொல்லுக்காக ஓர் உயிர்!

பெயரை முன்கூட்டி மடக்கி வைத்து ஆதாயம் தேடுவோரும் உளர். ஜியோவும் ஹாட்ஸ்டாரும் இணையக்கூடும் என ஊகித்து 2023இல் அவ்விணைப்புப் பெயரில் முகவரி பதிந்த தில்லி இளைஞர் ஒருவர், தம் கேம்பிரிட்ஜ் படிப்புச் செலவை நிறுவனம் ஏற்க வேண்டுமென 2024இல் கோரினார். நிறுவனம் இசையவில்லை. பலரும் அவர் மதிநுட்பத்தை வியந்தனர். எனினும் பிறர் பெயரை அவர்க்கே விற்க முயல்வது நேரிய வாணிபம் ஆகுமா என்பதை வாசகர்களே சீர்தூக்குக.

ஆகவே சகோதரியார் செய்யத்தக்கவை இவை. முதலில் அக்கணக்கினர்க்குப் பணிவாக ஒரு மடல் எழுதுக. அவரும் தம் தாயின் பெயரையே வைத்திருக்கக்கூடும். அவ்வாறாயின் அவர்க்கும் உங்களுக்கு உள்ள உரிமையே உண்டு. விடை வாராவிடில், பெயருக்குப் பின் புனே என்றோ ஊறுகாய் என்றோ சேர்த்து, எல்லாத் தளங்களிலும் ஒரே வடிவில் இன்றே பதிந்துகொள்க. புட்டியின் ஒட்டுத்தாளிலும் அதனையே அச்சிடுக. பின்னர் வணிகச் சின்னத்திற்கு விண்ணப்பிக்கலாம். தனி நபர் இணையவழி விண்ணப்பத்திற்கு ஒரு வகைக்குக் கட்டணம் 4,500 ரூபாய். தரகர் கேட்டதில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவு. பதிவு கிட்டின் பத்தாண்டு செல்லும், பின்னர்ப் புதுப்பித்துக்கொள்ளலாம். கணக்கிற்கு இரட்டைச் சரிபார்ப்பு வைத்து, கடவுச்சொல்லை எவர்க்கும் உரையாதிருத்தலும் இன்றியமையாதது.

பிழைப்பு நாடி வந்த ஊரில் நம் முன்னோர் கடை வைத்தபோது பலகையில் எழுதிய பெயர் ஊரார்க்குப் புதிது. நாளடைவில் சரக்கின் தரமே அப்பெயரை நிலைநிறுத்திற்று. இணையத்திலும் அவ்வாறே. பெயரில் ஓர் ஊரின் பெயர் கூடுவதால் ஊறுகாயின் சுவை குறைந்துவிடுவதில்லை.