மருந்து இருக்கிறது, கொடுக்கும் கை எங்கே?

தோழனே!

நள்ளிரவு. ஊர் உறங்குகிறது. ஒரு வீடு மட்டும் உறங்கவில்லை. படுக்க முடியாமல் எழுந்து உட்கார்ந்திருக்கிறது ஒரு குழந்தை. தோள்கள் ஏறி இறங்குகின்றன. கழுத்துக் குழி உள்வாங்குகிறது. நெஞ்சிலிருந்து சீழ்க்கை போன்றதோர் ஒலி எழுகிறது. தாய் முதுகை நீவுகிறாள், சாளரத்தைத் திறக்கிறாள். வெளியே வானம் நிறையக் காற்று! ஆனால், அந்தச் சின்னஞ்சிறு நெஞ்சுக்குள் நுழைய அதற்கு வழியில்லை.

மேடைக்காக நான் தீட்டிய காட்சியன்று இது. திரையும் இல்லாமல், கைதட்டலும் இல்லாமல், உலகெங்கும் எத்தனையோ வீடுகளில் இரவுதோறும் நடக்கும் காட்சி. ஈளை என்றும் இழுப்பு என்றும் நம் பாட்டிமார் அழைத்தனர். ஆஸ்துமா என்கிறது மருத்துவம்.

நான் மருத்துவம் பயின்றவனல்லன்; கல்லூரிப் படிப்பைப் பாதியில் விட்டவன். ஆயினும், படித்தவர் எழுதி வைத்ததைப் படித்து, பாமரர்க்கு எடுத்துச் சொல்வது மேடையேறுபவனின் கடமையன்றோ? ஆகவே சொல்கிறேன், கேள்.

மூச்சுக்குழாயின் உட்சுவர் அழற்சியால் வீங்குகிறது, சுற்றியுள்ள தசை இறுகுகிறது, சளி அடைக்கிறது. இதுதான் இழுப்பு. இதற்கு மருந்து இருவகை. ஒன்று, இறுகிய தசையைச் சில நிமிடங்களில் தளர்த்தும் மருந்து. மற்றொன்று, வீக்கத்தையே தணித்து, இழுப்பு வராமல் தடுக்கும் மருந்து. உள்ளிழுக்கும் ஸ்டீராய்டு எனப்படும் அந்தத் தடுப்பு மருந்து 1972ஆம் ஆண்டிலேயே பிரிட்டனில் விற்பனைக்கு வந்துவிட்டது. அரை நூற்றாண்டு கடந்துவிட்டது, தோழனே! மருந்து இருக்கிறது. பிறகு ஏன் அந்தக் குழந்தை இன்னும் உறங்கவில்லை?

காரணம் இதுதான். உடனே தளர்த்தும் மருந்தின் பயன் கண்ணுக்குத் தெரியும். தடுக்கும் மருந்தின் பயனோ தெரியாது. நலமாக ஓடியாடும் நாளிலும் அதை நாள் தவறாமல் இழுக்க வேண்டும். விடியற்காலையில் வேலைக்கு ஓடும் தாய்க்கு அது மறந்து போகிறது. மருத்துவரைக் காண ஒரு நாள் ஒதுக்கினால் ஒரு நாள் கூலி போகிறது. பிள்ளைக்கு ஒரு நாள் பாடம் போகிறது. மருத்துவமனை இருக்கும் ஊரிலேயே மருத்துவம் எட்டாமல் போவது இப்படித்தான். தூரம் என்பது கல் கணக்கில் மட்டும் அளப்பதன்று. கூலிக் கணக்கிலும் அளப்பது!

இந்தத் தூரத்தைக் கடக்க முயன்ற ஓர் ஊரின் கதையைச் சொல்கிறேன்.

அமெரிக்காவில், நியூயார்க் மாநிலத்தில், ஒண்டாரியோ ஏரியின் தென்கரையில் இருக்கிறது ராச்செஸ்டர் நகரம். அடிமைத்தளையை அறுத்தெறிந்து வந்து, தன் நாவன்மையால் ஒரு நாட்டையே உலுக்கிய பிரெடரிக் டக்ளஸ் 1847இல் தம் பத்திரிகையைத் தொடங்கிய நகரம். ஜார்ஜ் ஈஸ்ட்மன் 1888இல் கோடாக் கேமராவை உலகுக்கு அளித்த நகரம். "பொத்தானை நீங்கள் அழுத்துங்கள், மற்றதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்பதுதான் அந்தக் கேமராவின் விளம்பரம். அந்தச் சொற்களை நினைவில் வைத்துக்கொள், தோழனே, பிறகு வருகிறேன்.

செல்வம் குவிந்த அந்த நகரம், இன்று குழந்தைகளின் வறுமை மிகுந்த அமெரிக்க நகரங்களுள் ஒன்று. 2012 ஜனவரியில் கோடாக் நிறுவனமே கடன் சுமை தாளாமல் நீதிமன்றத்தின் பாதுகாப்பை நாடியது. படப்பெட்டியால் உயர்ந்த ஊரில் படப்பெட்டி நிறுவனம் தள்ளாடிய அதே ஆண்டில், அவ்வூர்ப் பள்ளிகளில் கேமராவுக்கு வேறொரு வேலை காத்திருந்தது.

குழந்தைகள் காப்பகங்களுக்குத் தொலைமருத்துவத்தைக் கொண்டுவரும் முயற்சி அந்நகரில் 2001லேயே தொடங்கியிருந்தது. அந்த அனுபவம் இருந்த ஊரில், ராச்செஸ்டர் பல்கலைக்கழக மருத்துவர் ஜில் ஹால்டர்மன் குழுவினர் 2012 முதல் 2016 வரை, ஆஸ்துமா உள்ள 3 முதல் 10 வயது வரையிலான 400 பிள்ளைகளைத் தங்கள் ஆய்வில் சேர்த்தனர். ஒரு பாதியினர்க்கு வழக்கமான மருத்துவத்தோடு சிறிது கூடுதல் அறிவுரை. மறு பாதியினர்க்குப் பள்ளியே மருத்துவ மனையாயிற்று.

எப்படி? உதவியாளர் ஒருவர் கருவிகளோடு பள்ளிக்கே வருவார். பிள்ளையின் நெஞ்சொலியைக் கருவியில் பதிவார், படம் எடுப்பார், இழுப்பு எத்தனை நாள், இருமல் எத்தனை இரவு என்று குறிப்பார். அவையனைத்தும் மருத்துவரிடம் செல்லும். மருத்துவர் தம் இடத்திலிருந்தே ஆராய்ந்து, பெற்றோருடன் பேசி, மருந்தை முடிவு செய்வார். சில வாரங்கள் கழித்து மீண்டும் பார்ப்பார். தேவையெனில் மருந்தை மாற்றுவார். இது பாதி வேலை. மீதிப் பாதி யாருடையது தெரியுமா? பள்ளிச் செவிலியருடையது! பள்ளி நாள்தோறும் பிள்ளையை அழைத்து, தடுப்பு மருந்தைத் தம் கண்ணெதிரே இழுக்கச் செய்வது அவருடைய கை.

2018இல் முடிவு வெளிவந்தது. மிகைப்படுத்த மாட்டேன், மேடையில் மிகைப்படுத்தலாம், நோயின் கணக்கில் மிகைப்படுத்தலாகாது. இரு வாரங்களில் இழுப்போ இருமலோ இல்லாத நாட்கள், ஒரு பிரிவினர்க்கு ஏறத்தாழ 11. பள்ளி மருத்துவம் பெற்றவர்க்கு 11.6. ஒரு நாள்கூட முழுதாகக் கூடவில்லையே என்பாய். ஆனால் அடுத்த கணக்கைப் பார்! இழுப்பு முற்றி அவசர சிகிச்சைக்கோ மருத்துவமனைப் படுக்கைக்கோ போனவர்கள், முதற் பிரிவில் நூற்றுக்கு 15 பேர். பள்ளி மருத்துவம் பெற்றவரில் நூற்றுக்கு 7 பேர். பாதிக்கும் கீழே! அத்தனை தாய்மாரின் நள்ளிரவு ஓட்டம் நின்றது.

திரையில் காணும் மருத்துவர் நேரில் காணும் மருத்துவர்க்கு ஈடாவாரா என்ற ஐயம் உனக்கு எழலாம். எழ வேண்டும். அதே நாட்டின் கான்சாஸ் சிட்டியிலுள்ள குழந்தைகள் மருத்துவமனையினர் 2016இல் வெளியிட்ட ஆய்வில், தொலைவிலிருந்தே பார்க்கப்பட்ட பிள்ளைகளின் ஆஸ்துமா, ஆறு மாதங்களுக்குப் பின், நேரில் பார்க்கப்பட்டவர்களின் அளவுக்கே கட்டுக்குள் இருந்தது. ஆனால் அங்கும் பிள்ளையின் பக்கத்தில் பயிற்சி பெற்ற ஒருவர் நின்றார். டிஜிட்டல் ஸ்டெதஸ்கோப்பை நெஞ்சில் வைத்தது அவர் கை. திரை தனியே நிற்கவில்லை.

இப்போது ஈஸ்ட்மனின் விளம்பரத்துக்கு வா, தோழனே. பொத்தானை நீங்கள் அழுத்துங்கள், மற்றதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்! படம் பிடிப்பதற்கு அது பொருந்தலாம். பிணி தீர்ப்பதற்குப் பொருந்துமா? கைப்பேசியை விற்பவன் சொல்வான், "பொத்தானை அழுத்து, மருத்துவர் தோன்றுவார்" என்று. தோன்றுவார்; பேசுவார்; மருந்தின் பெயர் சொல்வார்; மறைவார். அதன் பிறகு? மருந்தை வாங்கப் பணம் யார் தருவது? இன்ஹேலரைச் சரியாகப் பிடிக்கக் கற்றுத் தருவது யார்? திங்கட்கிழமையும் செவ்வாய்க்கிழமையும் மறவாமல் கொடுப்பது யார்? அந்த "மற்றது" என்பதில்தான் மருத்துவமே அடங்கியிருக்கிறது!

ராச்செஸ்டர் ஆய்வில் திரையையும் செவிலியரையும் சேர்த்தே சோதித்தார்கள். வெற்றி இரண்டுக்கும் சேர்த்தே உரியது. செவிலியரை நீக்கிவிட்டுத் திரையை மட்டும் வாங்கி, "நாங்களும் தொலைமருத்துவம் கொண்டுவந்தோம்" என்று கொடியேற்றுவார்களேயானால், அது தேரை விட்டுவிட்டு வடத்தை மட்டும் இழுப்பது போன்றது. இன்னொன்றும் சொல்வேன். உதடு நீலம் பூத்து, பேச்சு வராமல் திணறும் பிள்ளைக்குத் திரை மருந்தன்று. அந்த நேரத்தில் வேண்டியது வண்டியும் மருத்துவமனையும்தான்.

எந்திரத்தை எதிர்ப்பவனல்லன் நான். தொலைவைச் சுருக்கும் கருவி எதுவாயினும் வரவேற்போம்! ஆனால், ஏழையின் வீட்டுக்கும் மருத்துவரின் அறைக்கும் இடையே பாலம் கட்டுவோர், பாலத்தின் ஒரு முனையிலே கருவியை வைத்தால், மறுமுனையிலே ஒரு மனிதரை நிறுத்த வேண்டும். அவருக்குப் பொதுப்பணத்திலிருந்து ஊதியம் தர வேண்டும். பசித்த பிள்ளைக்குப் பள்ளியிலேயே சோறு போட வேண்டும் என்று கண்டறிந்த நமக்கு, மூச்சுத் திணறும் பிள்ளைக்குப் பள்ளியிலேயே மருந்து தர வேண்டும் என்பது விளங்காத பாடமா?

ஆகவே, தோழனே, நாளை உன் ஊரில் தொலைமருத்துவத் திட்டம் ஒன்றைத் திறக்க விழா எடுத்தால், போ. மாலையையும் பார், மேடையையும் பார். பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேள்: "திரை வந்துவிட்டது, மகிழ்ச்சி. மருந்தைக் கொடுக்கும் கை எங்கே?"

விடை கிடைக்கும் வரை கேள். அந்தக் குழந்தை உறங்கும் வரை கேள்.