206 என்று ஒப்பித்தால் போதுமா?



நாளைக்கு அறிவியல் பரீட்சை. ராத்திரி சாப்பாட்டு நேரத்தில்கூடப் பெற்றோராகிய நாம் பிள்ளையை விடுவதில்லை. "மனித உடம்பில் மொத்தம் எத்தனை எலும்பு?" "206." "ரொம்ப நீளமானது?" "தொடை எலும்பு." "ரொம்பச் சின்னது?" "காதுக்குள்ளே இருக்கிற அங்கவடி எலும்பு." எல்லாம் சரியாகச் சொன்னால் நமக்கு நிம்மதி. ஒன்று தவறினால் அந்தக் கவளம் பிள்ளையின் தொண்டையில் இறங்காதபடி பேசிவிடுகிறோம்.

இத்தனை கேட்கிறோமே, பதில் சொல்கிற பிள்ளையின் எலும்புகளைப் பற்றி என்றைக்காவது யோசித்தோமா?

206 என்பது வளர்ந்தவர்களின் கணக்கு. பிறந்த குழந்தைக்கு 270 முதல் 300 வரை இருக்கும். பல இடங்களில் குருத்தெலும்பாக இருப்பது மெல்ல இறுகி, பக்கத்தில் உள்ளவற்றோடு சேர்ந்து, பிறகுதான் 206 ஆகிறது. தோளையும் மார்பையும் இணைக்கும் காறை எலும்பு முழுதாக முற்றுவதற்கு ஏறக்குறைய 25 வயது ஆகிவிடும். எலும்புக்கென்று ஒரு காலக்கணக்கு இருக்கிறது. நாமோ பள்ளிக்கூடத்து நேர அட்டவணையை மட்டும் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

எல்.கே.ஜி. படிக்கும் குழந்தை நான்கு வரி நோட்டை விரித்து வைத்திருக்கிறது. எழுத்து கோட்டைத் தாண்டுகிறது. பென்சிலோடு சேர்த்து அந்தக் கையை இறுகப் பிடித்து நாம் எழுத வைக்கிறோம். "கை வலிக்குதும்மா" என்றால், "எழுதாமல் இருக்கச் சாக்கு" என்கிறோம். எதிர்வீட்டுக் குழந்தை ஒரு பக்கம் முழுக்க எழுதுகிறதாம் என்று ஒரு வார்த்தை வேறு.

அந்த மணிக்கட்டில் என்ன இருக்கிறது என்று தெரிந்தால் அப்படிப் பிடிப்போமா? வளர்ந்தவர் மணிக்கட்டில் எட்டுச் சிறு எலும்புகள் உண்டு. பிறக்கும்போது அவற்றில் ஒன்றுகூட எலும்பாக மாறியிருக்காது. எட்டும் குருத்துதான். முதல் வருஷத்தில் இரண்டு இறுகத் தொடங்கும். மற்றவை வருஷக்கணக்கில் ஒவ்வொன்றாக வரும். பட்டாணி அளவுள்ள கடைசி எலும்பு எக்ஸ்ரேயில் தெரிவதற்கு எட்டு வயதிலிருந்து பன்னிரண்டு வயதுவரை ஆகலாம். குழந்தையின் வளர்ச்சியில் சந்தேகம் வந்தால் டாக்டர்கள் கையை எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பது இந்த ஒழுங்கை நம்பித்தான். மூன்று வயதுக் கையை எக்ஸ்ரே எடுத்தால் மணிக்கட்டில் பாதிக்கு மேல் வெற்றிடமாகவே தெரியும். அந்தக் கை மண்ணைப் பிசையட்டும், மாவு உருட்டட்டும், சுவரில் கிறுக்கட்டும். எழுத்து அதன் நேரத்தில் வரும்.

காலையில் இன்னொரு காட்சி. வேன் ஹாரன் அடிக்கிறது. பையைத் தூக்கி மாட்டிவிடும்போது நமக்கே தோள் ஒருபக்கம் சாய்கிறது. பிள்ளை முன்னால் குனிந்தபடி படி இறங்குகிறது. இந்தக் குனிந்த முதுகைப் பற்றித்தான் எழுத்தாளர் ஆர்.கே. நாராயண் 1989இல் மாநிலங்களவையில் பேசினார். மத்திய அரசு அமைத்த யஷ்பால் குழு 1993இல் சுமையில்லாத கல்வி வேண்டும் என்று அறிக்கை தந்தது. ஒன்றாம், இரண்டாம் வகுப்புகளுக்கு வீட்டுப்பாடம் கூடாது என்று 2018இல் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. பையின் எடை பிள்ளையின் எடையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது என்பது 2020இல் வந்த மத்திய அரசின் கொள்கை. 25 கிலோ பிள்ளைக்கு இரண்டரை கிலோ. ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலே அதில் ஒரு கிலோவை எடுத்துக்கொள்கிறது.

இவ்வளவுக்குப் பிறகும் பை ஏன் கனக்கிறது? பள்ளியை மட்டும் குற்றம் சொல்லி நாம் தப்பித்துக்கொள்ள முடியுமா? வீட்டுப்பாடமே தராத பள்ளி என்று கேள்விப்பட்டால், "அங்கே படிப்பு சரியில்லை" என்று முதலில் சொல்வது யார்?

சாயங்காலம் பிள்ளை வீடு திரும்பி, பாலைக் குடித்த கையோடு டியூஷனுக்குப் போகிறது. பத்தாம் வகுப்பு என்றால் விளையாட்டு பீரியடும் கணக்கு பீரியடாகிவிடும், நாமும் சந்தோஷப்படுகிறோம். வயதுக்கு வந்த பெண்ணிடம் "இனிமேல் என்ன குதியாட்டம்?" என்று சொல்லித் திண்ணை விளையாட்டையும் நிறுத்திவிடுகிறோம்.

எந்த வயதில் நிறுத்துகிறோம் என்று தெரிந்துதான் நிறுத்துகிறோமா? தன்மேல் விழும் பாரத்துக்கு ஏற்ப எலும்பு தன்னைத் திடப்படுத்திக்கொள்ளும் என்று ஜெர்மானிய அறுவை மருத்துவர் யூலியஸ் வோல்ஃப் 1892இலேயே எழுதிவைத்தார். சிறுவயதிலிருந்து டென்னிஸ் ஆடுகிறவரின் மட்டை பிடிக்கும் கை எலும்பு, மறு கையைவிடத் தடித்திருக்கும். எடையே தெரியாத விண்வெளியில் மாதக்கணக்கில் இருப்பவர்களின் எலும்பு கரைகிறது. ஓடுவதும் குதிப்பதும் எலும்புக்கு உரம். அந்த உரத்தை எலும்பு மிக வேகமாகச் சேர்த்துக்கொள்வது பெண்ணுக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று வயதை ஒட்டி. பையனுக்கு ஒன்றிரண்டு வருஷம் தள்ளி. வாழ்நாளுக்கான எலும்புச் சத்தில் ஏறக்குறைய கால்பங்கு அந்த இரண்டு வருஷத்தில் சேர்கிறது. இருபது வயதுக்குள் பெரும்பகுதி முடிந்துவிடும். ஐம்பதுக்கு மேல் நம் அம்மாக்கள் தடுக்கி விழுந்து இடுப்பு எலும்பை முறித்துக்கொள்வதைப் பார்க்கிறோமே, அதைத் தாங்கும் வலுவைச் சேர்க்க வேண்டிய வயதில்தான் நம் பெண்ணை உட்கார வைக்கிறோம்.

பொறுமையாக இருக்க வேண்டிய வயதில் அவசரப்படுகிறோம். நழுவவிடக் கூடாத வயதை நழுவவிடுகிறோம். பிள்ளைமேல் பாசமில்லாமல் இல்லை. விலை கூடிய டப்பா பவுடரைக் கடன் வாங்கியாவது பாலில் கலக்குகிறோம். ஆனால் 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது. அந்தக் கால்சியம் உடம்பில் சேர வைட்டமின் டி வேண்டும். அதற்கு வெயில் படவேண்டும். கறுத்துப்போவாள் என்று அதையும் மறைத்தால் எப்படி?

இந்த வாரமே தொடங்குவோம். பள்ளிக் கூட்டத்தில் மதிப்பெண்ணைக் கேட்பதற்கு முன்னால், "விளையாட்டு பீரியடை எடுக்காதீர்கள்" என்று நான்கு பேர் சேர்ந்து சொல்லுவோம். பையை ஒருமுறை எடை போடுவோம். எல்.கே.ஜி. குழந்தைக்கு எழுத்து வேலை வேண்டாம் என்று டீச்சரிடம் பக்குவமாகச் சொல்லுவோம். பெண்ணோ பையனோ, தினமும் ஒரு மணி நேரம் தெருவில் ஓடட்டும். விட்டுப்போன பாடத்தை அடுத்த வருஷம் படித்துக்கொள்ளலாம். விட்டுப்போன எலும்பு வளர்ச்சிக்கு மறுதேர்வு கிடையாது.