மோட்டர் எரிஞ்சால் பெரிசுதான் வாங்க வேணுமோ?

போன கிழமை எங்கட வீட்டுக் கிணத்து மோட்டர் எரிஞ்சு போச்சு. அரைக் குதிரைவலு, பதினொரு வருசம் உழைச்சது. கடைக்காரர், "தம்பிமார், இனி ஒண்டுக்குப் போங்கோ, தாங்கி டக்கெண்டு நிரம்பும்" எண்டார். நாங்களும் தலையாட்டினோம். அம்மாதான் மறிச்சவ: "கிணறு ஊறுறதைவிட வேகமா இழுத்து என்ன செய்யப் போறியள்?"

கடையில் ஒருவரும் இதைக் கேட்கவில்லை. யாழ்ப்பாணத்தில் முதலில் கேட்க வேண்டியதே இதுதான். எங்களுக்கு வருசம் முழுக்க ஓடுற ஆறு இல்லை. மாரிமழை சுண்ணாம்புக்கல்லுக்குள் இறங்கி, அடியில் கிடக்கும் கடல்நீரின் மேல் மிதக்கிறது. நன்னீர் மட்டம் ஒரு மீற்றர் இறங்கினால், உவர்நீர் எல்லை காலப்போக்கில் ஏறத்தாழ 40 மீற்றர் மேலேறும் என்பது கைபன்-ஹெர்ஸ்பெர்க் கணக்கு. துலாவால் அள்ளிய காலத்தில் கை நொந்ததும் இறைப்பு நின்றது. மோட்டருக்குக் கை நோகாது.

தாங்கி அதே தாங்கிதானே, எடுக்கிற தண்ணியும் அதேயளவுதானே எண்டு நீங்கள் கேக்கலாம். பாதி சரி. ஆனால் கொஞ்ச நேரத்துக்குள் நிறைய இழுத்தால் கிணற்று மட்டம் சட்டென விழும், நேர்கீழே உள்ள உவர் மேலே இழுபடும். கடற்கரைப் பக்கக் கிணறுகளுக்கு இது இன்னும் மோசம். ஒருக்கா சவர் ஏறினால் ஒரு மாரியில் கழுவுப்படாது. பக்கத்து வீட்டுக் கிணறும் அதே நீரில்தான் நிற்கிறது.

திரும்பவும் அரைக் குதிரைவலுவே வாங்கினோம். மிஞ்சின காசுக்குத் தாங்கி வழியாமல் மிதவைச் சுவிட்சு ஒண்டு பூட்டினோம். நிரம்ப அரை மணித்தியாலம் எடுக்குது. எடுக்கட்டும்.